கிட்டார் வாசிப்பவரின் விரல் நுனி வலி: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க

கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் மாதத்தில் விரல் நுனி வலிக்காதவர் அரிது. அதனாலேயே, வலிக்கிறது என்று யார் சொன்னாலும் "காய்ப்பு ஏறும்வரை பொறுத்துக்கொள்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதில் பாதிதான் உண்மை. தோல் இன்னும் பழகாததால் வரும் வலிக்கு அது பொருந்தும். தந்திகள் அளவுக்கு மேல் உயர்ந்திருப்பதால் வரும் வலிக்கும், தேவைக்கு மேல் அழுத்துவதால் வரும் வலிக்கும், உலோக ஒவ்வாமைக்கும், நரம்பு நெருக்கப்படுவதற்கும் அது பொருந்தாது. இவற்றைப் பொறுத்துக்கொண்டே மாதக்கணக்கில் வாசித்தவர்கள் கடைசியில் தங்கள் விரலைக் குறை சொல்லி, வாத்தியத்தை மூலையில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் காட்சி.

ஆகவே வலியை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எப்போது வலிக்கிறது, விரலின் எந்த இடத்தில் வலிக்கிறது, தோல் எப்படித் தோன்றுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தந்தியை அழுத்தும் கையைப் பற்றியே இங்கு பேசுகிறேன். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு அது இடது கை.

வாசிக்கும்போது எரிகிறது, தந்தியின் தடம் பதிகிறது, சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது

இது நோயும் அல்ல, பிழையும் அல்ல. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழும்போது, தோலின் மேலடுக்கு வழக்கத்தைவிட வேகமாகச் செல்களை உருவாக்குகிறது. கெரட்டின் நிறைந்த இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அந்த இடம் தடிக்கிறது. மண்வெட்டி பிடிக்கும் உள்ளங்கை காய்த்துப்போவதும் இவ்வாறுதான். ஒழுங்காக வாசிப்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேறுபாடு தெரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் கெட்டியான மேடு எல்லோருக்கும் வருவதில்லை. பல ஆண்டுகள் வாசித்தவர்களில் சிலருடைய விரல் நுனி பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். தொட்டால்தான் உறுதி தெரியும். எனவே காய்ப்பு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது, நேரத்தைப் பிரித்துக்கொள்வது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, பத்துப் பதினைந்து நிமிடங்களாக நாளில் மூன்று நான்கு முறை வாசிப்பது தோலுக்கும் நல்லது, பாடம் மனத்தில் படிவதற்கும் நல்லது. எல்லை எது என்று அறிய ஒரு சோதனை போதும். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதோ, ஷூ கயிற்றைக் கட்டும்போதோ விரல் நுனி வலித்தால், முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள். அன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள். விட்டுவிடுவது என்றால் கிட்டாரையே தொடாமல் இருப்பது அல்ல. தந்திகளின் மீது கையை மெதுவாகப் படியவைத்து ஒலியை அடக்கிக்கொண்டு, மற்றக் கையால் தாளத்தை மட்டும் பழகலாம். தொடக்கநிலையில் பலருக்கும் பின்தங்கியிருப்பது தாளக் கைதான். ஓய்வு நாளை அதற்குக் கொடுத்தால் வீணாகாது.

குளித்த உடனேயும் பாத்திரம் கழுவிய உடனேயும் வாசிக்க உட்காராதீர்கள். நீரில் ஊறிய தோல் மென்மையாகி, உராய்வைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். அரை மணி நேரம் விட்டு, விரல் நன்றாக உலர்ந்த பிறகு தொடங்கலாம். வாசித்து முடித்தபின் எரிச்சல் மிகுந்தால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் வைத்திருப்பது போதுமானது.

வினிகரிலும் ஸ்பிரிட்டிலும் விரலை முக்கி எடுத்தால் விரைவில் காய்க்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவை தோலை உலர்த்துகின்றன. உலர்ந்த தோல் கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் வெடிக்கும். மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசிக்கொண்டு வாசிப்பதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். "போதும், நிறுத்து" என்று சொல்ல விரலுக்கு இருக்கும் ஒரே வழி வலிதான். அதை அடைத்துவிட்டால் கொப்புளம் வந்த பிறகே விஷயம் தெரியும். சிலிக்கான் உறைகளை விரலில் மாட்டிக்கொண்டு வாசிப்பது தற்காலிகமாக உதவும். ஆனால் அவை இருக்கும்வரை தோலும் காய்க்காது, தந்தியின் உணர்வும் விரலுக்குப் பழகாது.

ஒரு மாதம் கடந்தும் வலி குறையவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் அதிகம்

இந்த அறிகுறியைக் கண்டால் விரலை விட்டுவிட்டுக் கிட்டாரைச் சோதியுங்கள். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி. நான் முதலில் பழகிய கிட்டாரில் நட் அளவுக்கு மேல் உயரமாக இருந்தது. அதை அறியாமல் பல மாதங்கள் என் விரலின் பலவீனம் என்றே நம்பியிருந்தேன். நட்டைச் சரிசெய்த அன்று மாலை, அதுவரை ஒரு முறைகூடத் தெளிவாக ஒலிக்காத எஃப் கார்டு (கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடி) ஒலித்தது. அதனால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நட் என்பது கழுத்தின் தலைப்பகுதியில், தந்திகள் பள்ளங்களில் உட்கார்ந்து செல்லும் சிறிய வெள்ளை அல்லது கறுப்புத் துண்டு. அதன் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் இருந்தால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி உயர்ந்து நிற்கும். நட்டுக்கு மிக அருகில் உள்ள தந்தியை வளைத்துக் கீழே இறக்குவதற்கு நடுப்பகுதியைவிட அதிக விசை வேண்டும். புதிதாகக் கற்பவரின் கார்டுகள் அனைத்தும் இந்த முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் அடங்கியிருப்பதால், குறை முழுவதையும் அவருடைய விரலே சுமக்கிறது.

கண்டுபிடிக்கும் வழிகள் மூன்று. முதல் வழிக்குக் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி) இருந்தால் போதும். அதை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, வழக்கமான கார்டுகளை அதற்கு மேலே பிடித்துப் பாருங்கள். கிட்டாரே மாறிவிட்டதுபோல எளிதாக இருந்தால், குற்றம் பெரும்பாலும் நட்டில்தான். இரண்டாவது வழி, இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. அங்கே ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி; கண்ணால் எளிதாகக் காணும் அளவு இருந்தால் நட் உயரம். மூன்றாவது வழி காதுக்கும் ட்யூனருக்கும் உரியது. திறந்த தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, அதே தந்தியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் ட்யூனர் முள் தெளிவாக மேலே ஏறி நிற்கிறது என்றால், அழுத்தும்போது தந்தி தேவைக்கு மேல் இழுபடுகிறது என்று பொருள். ஈ மேஜர் சரியாக ஒலித்து, சி மேஜர் மட்டும் என்ன செய்தாலும் அபசுரமாகக் கேட்டால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நட்டின் பள்ளத்தை வீட்டிலேயே அரத்தால் ஆழப்படுத்த முயல வேண்டாம். ஒரு மயிரிழை கூடிவிட்டாலும் திறந்த தந்தி ஃப்ரெட்டில் இடித்துப் படபடக்கும். பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவருக்கு இது சிறிய வேலை.

கழுத்தில் உடலை நெருங்கிய பகுதியிலும் விரல் வலிக்கிறது என்றால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள். ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இந்த உயரத்தைத்தான் ஆக்ஷன் என்கிறார்கள். எஃகுத் தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த ஆறாம் தந்திக்குச் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்குச் சுமார் 1.6 முதல் 1.8 மி.மீ. இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் இதைவிடக் குறைவாகவும், நைலான் தந்தி கிளாசிக்கல் கிட்டாரில் 3 முதல் 4 மி.மீ. வரையும் இருப்பது இயல்பு. அக்கூஸ்டிக் கிட்டாரில் 3 மி.மீ. தாண்டியிருந்தால் விரலின் மீது பழி போடுவதில் நியாயமில்லை.

உயரம் கூடியிருப்பதற்குக் காரணம் கழுத்தின் வளைவா, உடல்பகுதியில் தந்திகள் படிந்து செல்லும் துண்டான சாடிலா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் அருகே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது 0.1 முதல் 0.3 மி.மீ. அளவில் இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக இருந்தால், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைச் சற்று இறுக்க வேண்டும்; ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது, திருப்பிய பின் மீண்டும் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். கழுத்து சரியாக இருந்தும் ஆக்ஷன் கூடியிருந்தால் சாடிலைக் குறைக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நீளத்தில் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலின் அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். மேலிருந்து தேய்த்தால் அதன் வளைவு கெட்டுவிடும்.

முன்பு எளிதாக இருந்த கிட்டார் மழைக்காலத்தில் திடீரென்று கடினமாகிவிட்டால், அது மரம் ஈரத்தை உறிஞ்சிப் புடைத்ததன் விளைவாக இருக்கலாம். மேற்பலகை உப்பும்போது சாடிலைத் தாங்கும் பிரிட்ஜும் அதனுடன் உயர்கிறது. கிட்டார் இருக்கும் இடத்தின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

இனித் தந்தி. 12–53 என்று உறையில் குறிக்கப்பட்ட தொகுப்பில் முதல் தந்தியின் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.3 மி.மீ. வழக்கமான நீளமுள்ள கிட்டாரில் அந்த ஒரு தந்தி மட்டுமே 10 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையில் நிற்கிறது. அதற்குப் பதிலாக 10–47 தொகுப்பைப் போட்டால் முதல் தந்தியின் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஏனெனில் ஒரே சுருதியில் இழுவிசை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒலியின் கனம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வலிக்காத விரலால் ஒரு மணி நேரம் வாசிப்பவர், கனமான தந்தியில் பத்து நிமிடம் வாசித்து நிறுத்துபவரைவிட விரைவாகத் தேறுவார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

மெல்லிய தந்தியைப் போடுவது ஏதோ தாழ்வு என்று நினைப்பவர்களுக்கு ராக் கிட்டார் கலைஞர் டோனி அயோமியை நினைவூட்ட விரும்புகிறேன். 1965-இல் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி, தந்தியை அழுத்தும் கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் இழந்தவர் அவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் பதனிட்ட தோல்துண்டை ஒட்டிக்கொண்டார். மிக மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலி அந்த விரல்களிலிருந்துதான் வந்தது.

சுருதியை இறக்குவது உங்களுக்கும் கைகொடுக்கும். ஆறு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். முழுச்சுரம் இறக்கினால் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். முழுச்சுரம் இறக்கிவிட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிக்கொண்டால் பழைய சுருதியே திரும்பக் கிடைக்கும். இழுவிசையும் குறைவு, நட்டின் உயரமும் பொருட்டல்ல. பணம் செலவழிக்காமல் இன்றே செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியாது.

நைலான் தந்திக் கிட்டார் விரலுக்கு மென்மையானது. அதன் முதல் தந்தி சுமார் 0.7 மி.மீ. தடிமன் உள்ளதாலும், இழுவிசை குறைவாக இருப்பதாலும், விசை அகலமாகப் பரவுகிறது. ஆனால் அதன் கழுத்து அகலமானது. சிறிய கைகளுக்கு அது வேறொரு சிரமம். நைலானுக்காகச் செய்யப்பட்ட கிட்டாரில் மட்டும் எஃகுத் தந்தியை ஒருபோதும் ஏற்றாதீர்கள். அந்த இழுவிசையைத் தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

கிட்டார் சரியாக இருக்கிறது, ஆனாலும் எல்லா விரல்களும் வலிக்கின்றன

அப்படியானால் அழுத்தம் மிகுதி. வாசிப்பவர் தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் தாமாக உணர்வதில்லை. தந்தி ஃப்ரெட்டைத் தொட்ட பிறகு கொடுக்கப்படும் கூடுதல் விசை ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை, விரலை மட்டும் நசுக்குகிறது. பல சமயம் சுருதியையும் கெடுக்கிறது.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி உண்டு. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு முன்னால், ஏதாவது ஒரு தந்தியின் மீது விரலை அழுத்தாமல் வையுங்கள். மற்றக் கையால் அதை மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டப்' என்ற மங்கிய ஒலிதான் வரும். விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மங்கிய ஒலி படபடக்கும், பிறகு திடீரெனத் தெளியும். தெளிந்த அந்தக் கணத்தில் விரலில் இருக்கும் விசைதான் தேவையானது. இப்போது நீங்கள் வழக்கமாக அழுத்துவதுபோல அழுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலானோருக்கு வியப்பாகவே இருக்கும். நாள்தோறும் வாசிக்கத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் இதைச் செய்தால், இரண்டு வாரத்தில் கை தானாகவே தளரும்.

விரல் வைக்கும் இடமும் விசையைத் தீர்மானிக்கிறது. ஃப்ரெட்டுக்கு நேர் மேலே வைத்தால் ஒலி அமுங்கும்; அதற்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ ஒட்டினாற்போல் வைத்தால் மிகக் குறைந்த விசையில் ஒலிக்கும்; அங்கிருந்து பின்னோக்கி விலக விலக விசை கூடுகிறது. ஏ மேஜர் போல மூன்று விரல்கள் ஒரே ஃப்ரெட்டில் நெருக்கியடிக்கும் கார்டில் எல்லா விரல்களுக்கும் அந்த இடம் கிடைக்காது என்பதால், பின்தள்ளப்பட்ட விரல் சற்றுக் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். அதற்காக மற்ற இரண்டும் சேர்ந்து இறுக வேண்டியதில்லை.

கட்டைவிரலையும் கவனியுங்கள். கழுத்தின் பின்புறத்தில் அது இறுக்கிப் பிடித்தால் எதிர்ப்புறத்து விரல்களும் அதே அளவு இறுகும். ஒரு கார்டைப் பிடித்தபடியே கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, கையின் எடையாலும் முழங்கையை லேசாகப் பின்னுக்கு இழுப்பதாலும் மட்டும் அதை ஒலிக்க முயலுங்கள். முழுமையாக ஒலிக்காது, ஆனால் இறுக்கிப் பிடிக்காமலேயே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்தக் கை அறிந்துகொள்ளும்.

இன்னொரு காரணம் சூழல். உரத்த இடத்தில் வாசிப்பவர், தம் கிட்டார் தமக்கே கேட்காதபோது இரு கைகளாலும் விசையைக் கூட்டுகிறார். நண்பர்களோடு சேர்ந்து வாசித்த நாளில் மட்டும் விரல் வலித்தால் காரணம் இதுதான்.

ஒரு விரலில் மட்டும், அல்லது நுனியை விட்டு வேறோர் இடத்தில் வலிக்கிறது

சுட்டுவிரலின் நீளம் முழுவதும் வலித்தால், அது அந்த விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டின் விளைவு. விரலைத் தட்டையாகப் படியவைத்தால் மூட்டுகளுக்கு இடையே உள்ள மென்மையான சதையில் தந்தி புதைந்துவிடுகிறது. விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்பு நெருங்கியிருக்கும் ஓரத்தால் அழுத்தினால் குறைந்த விசையில் ஒலிக்கும். எஃப் கார்டில் சுட்டுவிரல் உண்மையில் அழுத்த வேண்டியவை முதல், இரண்டாம், ஆறாம் தந்திகள் மட்டுமே. இடையில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. இதை உணர்ந்தாலே பாதி இறுக்கம் போய்விடும்.

நகத்துக்கும் சதைக்கும் இடையில் வலித்தால் நகம் நீளம். நுனியிலிருந்து பார்க்கும்போது நகம் சதையைத் தாண்டித் தெரியக் கூடாது. கையைக் கழுத்தின் ஓரமாக வழுக்கும்போது கீறல் விழுந்தால், மரம் உலர்ந்து சுருங்கியதால் ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீண்டிருக்கின்றன. அவற்றை அரம் போட்டு மழுக்க வேண்டும். தந்தி விரலில் வழுக்காமல் சொரசொரவென்று பிடித்தால் துருப்பிடித்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

கொப்புளம் வந்துவிட்டது

கொப்புளம் நேரான அழுத்தத்தால் வருவதைவிட, தோல் பக்கவாட்டில் இழுபடுவதால் வருகிறது. தந்தியை வளைத்து இழுக்கும் பென்ட், விரலை அழுத்தியபடியே நகர்த்தும் ஸ்லைடு ஆகியவற்றைப் புதிதாகப் பழகும் நாட்களில் இது அதிகம் தோன்றும். மேலடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, இடையில் நீர் நிறைகிறது.

மூடிய கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல்தோல்தான் கீழே வளரும் புதுத் தோலுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கட்டு. சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, மெல்லிய கட்டுப் போட்டு, அந்த விரலுக்கு ஓய்வு கொடுங்கள். தானாக உடைந்துவிட்டால் தொங்கும் தோலைப் பிய்க்காமல் அப்படியே படியவைத்து, சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவிக் கட்டுங்கள். தொட்டால் வலிக்காத நிலை வரும்வரை தந்தியில் வைக்க வேண்டாம். பலருக்கு இதற்கு ஒரு வாரம் ஆகலாம். பழைய காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்து, அழுத்தினால் ஆழத்தில் வலித்தால், அது காய்ப்புக்குக் கீழே உண்டான இரத்தக் கொப்புளம். அதை வெட்டித் திறக்கக் கூடாது.

விரைவுப் பசையால் தோலை ஒட்டிக்கொண்டு மேடையேறிய கலைஞர்கள் உண்டு. ஸ்டீவி ரே வானைப் பற்றி அப்படிப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கடையில் கிடைக்கும் அந்தப் பசை திறந்த புண்ணுக்காகச் செய்யப்பட்டது அல்ல. இறுகும்போது வெப்பத்தை உண்டாக்கும், எரிச்சல் தரும், அழுக்கையும் உள்ளே வைத்து மூடிவிடும். வீட்டில் பழகுபவருக்கு அந்த அவசரம் எதற்கும் இல்லை. அதே கலைஞர் தம் தடித்த தந்திகளை அரைச்சுரம் இறக்கியே வாசித்தார் என்பதைப் பின்பற்றுவது மேல்.

காய்ப்பு உரிகிறது, அல்லது வெடிக்கிறது

இரண்டு மூன்று வாரங்களில் முதல் அடுக்கு மெல்லிய தாளைப்போல உரிந்தால் கலங்க வேண்டாம். உழைப்பு வீணாகவில்லை, அடியில் உறுதியான தோல் வந்துகொண்டிருக்கிறது. பல்லால் கடிப்பதும் நகத்தால் பிய்ப்பதும்தான் கெடுதல். உரியும் ஓரம் நல்ல தோலையும் சேர்த்துக் கிழித்துவிடும். நகம் தேய்க்கும் நுண்ணிய அரத்தால் ஓரங்களை மழுக்கினால் தந்தியில் சிக்காது.

வெடிப்பு வருவது காய்ப்பு மிகவும் உலர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. இரவில், அன்றைய வாசிப்பு முழுவதும் முடிந்த பிறகு, ஈரப்பதம் காக்கும் களிம்பைச் சிறிதளவு தடவுங்கள். வாசிக்கும் முன் தடவினால் தோல் மென்மையாகிவிடும், தந்தியும் அழுக்காகும். நல்ல காய்ப்பு கல்லைப்போல இருப்பதில்லை; பதனிட்ட தோலைப்போல வளைந்துகொடுக்கும்.

வலியைவிட அரிப்பு அதிகம். தோல் தடித்துச் சிவக்கிறது

வாசித்த சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ தந்தி பட்ட இடத்தில் அரிப்பும் சிறு பருக்களும் தோன்றினால் நிக்கல் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். உலோகக் கடிகாரப் பட்டையோ மலிவான காதணியோ உங்களுக்கு முன்பே அரிப்பைத் தந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எலக்ட்ரிக் கிட்டார் தந்திகளில் பெரும்பாலானவை நிக்கல் பூசிய எஃகால் சுற்றப்பட்டவை. ஃப்ரெட்டுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில், பெயருக்கு மாறாக வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் உண்டு. பாஸ்பர் பிரான்ஸ் சுற்றிய தந்திக்கோ, மேற்பூச்சு உள்ள தந்திக்கோ, நைலானுக்கோ மாறிப் பார்க்கலாம். எவ்வளவு காய்ப்பு ஏறினாலும் ஒவ்வாமை தீராது. தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பச்சையாகவோ கறுப்பாகவோ விரலில் கறை மட்டும் படிந்து, அரிப்பு இல்லை என்றால், அது வியர்வை பட்டு உலோகம் மங்குவதன் கறைதான். கழுவினால் போய்விடும்.

வலி இல்லை, ஆனால் விரல் மரத்துப்போகிறது

காய்ப்பு ஏறிய நுனியில் மட்டும், தொடு உணர்வு சற்று மங்கியிருப்பது இயல்பு. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் கவனிக்க வேண்டும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மதமதத்துப்போனாலோ, இரவில் ஊசி குத்துவதுபோல உணர்ந்து விழித்துக்கொண்டாலோ, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்துப்போனால், நெருக்கம் பெரும்பாலும் முழங்கையில் இருக்கிறது. வாசிக்கும்போது மணிக்கட்டு கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். கிட்டாரின் கழுத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, வாரால் உயரத்தைச் சரிசெய்தால் மணிக்கட்டு நேராகும். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் மரப்பு தொடர்ந்தால், அல்லது பொருளைப் பிடிக்கும் பலம் குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். இதில் காத்திருப்பது நரம்புக்குக் கெடுதல்.

வாசிக்காதபோதும் விண்விண் என்று தெறிக்கிறது

வீக்கம், சூடு, சீழ், நகத்தைச் சுற்றிச் சிவப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் அது நகச்சுற்றோ வேறு தொற்றோ ஆகும். சிவப்பு விரலிலிருந்து கைக்குப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், விரல்களில் உணர்வு குறைந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள் சிறிய கொப்புளத்தைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வலி திரும்பிவிட்டது

மேல்தோல் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களில் தன்னை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்கிறது; அழுத்தம் இல்லாதபோது தடிப்பைக் காத்துவைக்க அதற்குக் காரணம் இல்லை. ஆகவே இரண்டு மாதம் தொடாமல் இருந்தவர், கை பழைய பாடல்களை நினைவில் வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் முதல் நாளே ஒரு மணி நேரம் வாசித்தால், கொப்புளத்தோடுதான் எழுவார். முதல் வாரம் பத்து நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு, பென்ட்களைக் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு ஒதுக்குங்கள். தோல் இம்முறை முன்பைவிட விரைவாகப் பழகும், ஏனென்றால் எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதை உங்கள் கை முன்பே கற்றிருக்கிறது. பயணத்திலோ பரீட்சைக் காலத்திலோ இடைவெளி தவிர்க்க முடியாதது என்றால், இரண்டு நாளைக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் வாசிப்பதே காய்ப்பு முற்றிலும் கரையாமல் காக்கப் போதும்.